பட்டி எந்தப் பக்கம்

அண்ணியின் வகுப்பில் பத்தொன்பது வருடங்களாக ஒரு துணிகூட வீணானதில்லை. இதை அவர் தன் வாயால் சொன்னதே கிடையாது. நான்தான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அவர் தையல் டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்துச் சம்பளமும் கிடையாது, எந்த நிறுவனத்துப் பலகையும் கிடையாது. ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் நீளமான அறை, ஆறு மிஷின்கள், நடுவில் வெட்டு மேஜை, சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிய அளவுப் பலகை. இவ்வளவுதான் அவருடைய கல்லூரி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்கள்தான் மாணவிகள்.

அவர் அதிகம் பேசமாட்டார். மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார். யாருடைய கத்தரி தப்பான கோட்டில் வாயைத் திறக்கிறதோ, அவளுடைய மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்துவிடுவார். திட்டு கிடையாது. விளக்கமெல்லாம் அப்புறம்தான். முதலில் கை நிற்க வேண்டும். ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் முதுகுக்குப் பின்னால் ஆறாவது ஆளின் கத்தரிச் சத்தம் அவர் காதில் விழும். எப்படி என்று கேட்டால், சரியான வெட்டுக்கு ஒரு சத்தம், தயங்குகிற வெட்டுக்கு வேறு சத்தம் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

நான் அவருடைய நாத்தனார். எனக்கும் புருஷன் வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வோம். பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. அண்ணன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ஆக, வீட்டில் நானும் அண்ணியும்தான். நாத்தனார் என்றாலே குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அந்த ரகம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. முதலில் நல்லது. காவலாளிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிஃபார்ம்காரர் அண்ணியைத் தேடி வந்தார். அவருக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிற கைகள் வேண்டும். மாணவிகள் ஆளுக்கொரு மாதிரிச் சட்டை தைத்துக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வருடம் முழுக்க அந்த வேலை அவர்களுக்கே. அண்ணி அன்று சாயங்காலம் என்னிடம், "இத்தனை வருஷமா கத்துக் குடுத்து அனுப்பறேன். போய் புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுங்க. இது கிடைச்சா இவளுங்களுக்கு ஒரு தொழில்டி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கெட்டது. இரும்புக்கடைக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் கட்டப் போகிறாராம். பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். வேறு அறை தேடி நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. தையல் மிஷின் சத்தம் என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். ஆறு மிஷின்களும் எங்கள் வீட்டு நடையில் வந்து குந்திக்கொண்டன. பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

ஃபோனிலேயே வகுப்பு நடத்தலாம் என்று சொன்னது நான்தான். ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் என்பதால், எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் நான்தான் பெரிய இன்ஜினியர். வீட்டில் சொந்த மிஷின் வைத்திருந்த ஒன்பது பெண்கள் சரி என்றார்கள். யூனிஃபார்ம்காரர் கொடுத்த துணியை ஒன்பது துண்டுகளாக்கி, ஒவ்வொருத்தி வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாம்பல் நிறத் துணி. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். ஆளுக்கு ஒரே ஒரு துண்டு.

வகுப்புக்கு முன்னால் ஒத்திகை பார்த்தோம். ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, முன்பக்கக் கேமராவைப் போட்டேன். திரையில் அண்ணிக்குப் பின்னால், மாடியிலிருந்து கொண்டுவந்து வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அளவுப் பலகை தெரிந்தது. எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் என்னவோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டவள் போலத் துள்ளினேன்.

"அண்ணி, எல்லாம் மாறித் தெரியுது. நீங்க இடது பக்கம் காட்டினா அவங்களுக்கு வலது பக்கமாத் தெரியும்."

"நிச்சயமாத் தெரியுமாடி?"

"ரெண்டு வருஷம் ஜெராக்ஸ் கடையில சும்மாவா குப்பை கொட்டினேன்?"

இங்கே சட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆண்கள் சட்டையில் காஜா ஓட்டை இருக்கிற பட்டி இடது பக்கம் வரும், பொத்தான் வலது பக்கம். பெண்கள் சட்டையில் அப்படியே மாறும். அதனால் ஆண் சட்டைக்கு இடது முன்துண்டை வெட்டும்போது பட்டிக்காக இரண்டு விரல் அகலம் கூட விட வேண்டும். பக்கத்தை மாற்றி வெட்டிவிட்டால் துணியைத் திருப்பிப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. பளபளப்பு உள்ளே போய்விடும்.

அண்ணி நான் சொன்னதை நம்பினார். நாலு நாள் பழைய படுக்கை விரிப்பில் பழகினார். பத்தொன்பது வருடம் இடது பக்கம் போன கையை வலது பக்கம் திருப்புவது என்றால் லேசுப்பட்ட காரியமா? கை தானாகப் பழைய பக்கமே போகும். நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். தான் எல்லாவற்றையும் மாற்றிச் செய்தால் திரையில் அவர்களுக்குச் சரியாகத் தெரியும் என்பது கணக்கு. பாவம், ஒரு பச்சைக் குழந்தை எழுதிப் பழகுகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு பழகினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரமாதம் அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெட்டு வகுப்பு அன்று ஒன்பது சதுரங்களில் ஒன்பது பேர். ஒரு வீட்டில் நாய் குரைக்கிறது, ஒரு வீட்டில் மாமியார் யாரையோ ஏசுகிறார், ஒரு வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். ஒன்பது பேரையும் மியூட்டில் போட்டேன். வீடு அமைதியானது. "நான் செய்யறத அப்படியே பார்த்துச் செய்யுங்க. இடது, வலதுன்னு போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி விரிப்பில் கோடு போட்டார். வலது முன்துண்டில் இரண்டு விரல் கூட விட்டார். கத்தரியை எடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கீழ் வரிசையில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தடித்த கண்ணாடி போட்ட பெண். கண்ணாடிக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பாள். ஏன் டீச்சர் அரை இஞ்ச், ஏன் டீச்சர் முக்கால் இஞ்ச் என்று உயிரை எடுப்பாள். அன்றும் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். கையை வேறு ஆட்டினாள். இவளுக்குச் சத்தத்தைத் திறந்துவிட்டால் வகுப்பு விடிந்த மாதிரிதான் என்று நினைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதை நான் வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஒன்பது பேரும் வெட்டினார்கள். பிறகு வந்த வகுப்புகளில் பட்டி, காலர், கை, பை என்று ஒவ்வொன்றாக முடித்தார்கள். பையும் வலது மார்பில் ஏறியது. அந்த நாட்களில் கண்ணாடிக்காரி ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. பரவாயில்லை, பெண் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒன்பது சட்டைகளையும் வாங்கி, தேய்த்து, மடித்து நாங்கள் இரண்டு பேரும் யூனிஃபார்ம்காரரின் அலுவலகத்துக்குக் கொண்டு போனோம். அவர் தையலைத் தடவிப் பார்த்தார், காலரை மடக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்துத் தன் பனியன் மேல் மாட்டிக்கொண்டு பொத்தான் போடப் போனார். விரல்கள் பொத்தான் இல்லாத பக்கத்தில் போய்த் தேடின. மறுபடி முயன்றார். முதலில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜை மேல் பரப்பினார்.

"இது லேடீஸ் பக்கம்மா" என்றார். "ஒண்ணு மாறியிருந்தா தைச்ச பொண்ணைச் சொல்லலாம். ஒம்பதும் மாறியிருக்கே."

அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மறு வாரமே வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. பஸ்ஸில் அண்ணி சட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ அந்தக் கேமராவின் மேல் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ஃபோனிலிருந்து ஒரு மாணவி போல வகுப்புக்குள் நுழைந்து பார்த்தேன். அளவுப் பலகை அட்சர சுத்தமாக, நேராகத் தெரிந்தது. திரும்பித் தெரிவது நமக்கு மட்டும்தான். எதிரே பார்க்கிறவர்களுக்கு எல்லாமே நேராகத்தான் தெரியும். எங்கள் ஃபோனில் அண்ணி இருக்கிற மாதிரி அவர்கள் ஃபோனில் அண்ணி இருந்ததே இல்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

அண்ணியின் காலடியில் உட்கார்ந்து கேமரா விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, "தெரியாமத்தானே சொன்ன, விடு" என்றார். பிறகு ஃபோனை எடுத்து ஒன்பது பேரையும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். என் பெயரை எடுக்கவே இல்லை. தப்பு தன்னுடையது, தான்தான் பக்கம் மாற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டதாகவே ஒன்பது தடவையும் சொன்னார். கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியின் புருஷன் பின்னாலிருந்து, டீச்சருக்கே இடது கை எதுன்னு தெரியலையா என்று சிரித்தது மட்டும் எனக்கும் கேட்டது. அடுத்த வகுப்புக்கு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வகுப்புக்கு யாரும் வரவில்லை. அண்ணி வெறும் திரைக்கு முன்னால் அரை மணி நேரம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரி நேரில் வந்தாள். மிஷின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தோம். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன் டீச்சர். பட்டி இடது பக்கம்தானே வரும்னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கல."

அண்ணி நிமிர்ந்தார். "தெரிஞ்சிருக்கு உனக்கு. தெரிஞ்சும் ஏம்மா வெட்டின?"

"நீங்க வெட்டினீங்களே டீச்சர். உங்க வகுப்புல தப்பா வெட்டினா உங்க கை வந்துடும். வரும் வரும்னு கத்தரியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வரல. அப்ப நான்தான் தப்பு போலன்னு வெட்டிட்டேன்."

அண்ணியின் கை தன்னை அறியாமல் மடியிலிருந்து எழுந்து, பாதியில் நின்று, மறுபடி மடியிலேயே விழுந்தது. அதோடு கண்ணாடிக்காரி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். யார் மேலும் குறை சொல்லும் குரல் இல்லை அது.

"அக்கா பார்த்தாங்க டீச்சர். நான் கையாட்டினதை நேராப் பார்த்தாங்க. பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதான் அப்படிச் செய்யறாங்கன்னு நினைச்சேன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்காரியைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து அளவுப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி மிஷின்களுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்தார். விரிப்புத் துண்டுகளை மடித்தார். மிஷின்களை வாங்க ஆள் வரச் சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் அடுப்படியில் போய் நின்றேன். அவர் திட்டட்டும், இரண்டு அறை அறையட்டும், அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வைத்தார். வழக்கம்போல எனக்குத்தான் முதலில் பரிமாறினார். பதினோரு வருடமாக என்னை வாடி போடி என்று மட்டுமே கூப்பிட்ட என் அண்ணி, கதவருகே வந்து நின்று, மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"சாப்பிட வாங்க."