ஞாயிற்றுக்கிழமை உத்தரவு

மகளை நான் பார்ப்பதற்கு நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தது. காலை பத்து முதல் ஒரு மணி வரை, ராமநாதபுரத்தில் ஒரு பூங்காவில். பிரிந்துவிட்ட மனைவி தங்கச்சிமடத்தில் தன் தம்பி வீட்டில் இருந்தாள், மகள் அவளோடு. ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறைதானே என்று இரண்டு வக்கீல்களும் சம்மதித்தார்கள். முதுகுளத்தூர்க்காரனான எனக்கும் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறியும் தூக்கமும்தான்.

தங்கச்சிமடத்தில், மனைவியின் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, ஞாயிறு பூசைக்கான நாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வருடம் மகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்குப் பூசை முடிந்ததும் கோயிலில் வகுப்பு. மூன்று வகுப்பு தவறினால் அடுத்த வருடம்தான். என்னைப் பார்க்க வந்ததில் இரண்டு தவறிவிட்டன. அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

"உத்தரவை மீறிட்டாங்க சார், விடக் கூடாது" என்றார் என் வக்கீல். மனு போட்டோம்.

விசாரணையில் மனைவி சுருக்கமாகச் சொன்னாள். "பிள்ளைய மறைக்கலங்கம்மா. வகுப்பு முடிஞ்சதும் அங்கனயே வந்து பாக்கட்டும்."

நீதிபதி என்னைப் பார்த்தார். "போவீங்களா?"

வக்கீல் என் சட்டைக் கையை இழுத்தார். அவர் பயம் நியாயமானது. பிரிவின்போது நானும் மைத்துனனும் அந்த ஊர்த் தெருவில் நின்று கத்தியிருக்கிறோம். மறுபடி சண்டை வந்தால் மகளைப் பார்ப்பதே நின்றுபோகலாம். மறுத்தால் அவளுக்கு ஒரு வருடம் போகும்.

"போறேம்மா" என்றேன்.

வகுப்புக்குப் பிறகு, ஒரு மணி வரை, கோயில் வளாகத்தில் என்று நீதிபதி மாற்றிச் சொன்னார். பத்திரிகை நிருபராகச் செய்திக்காகப் பல தீர்ப்புகளைக் கேட்டவன் நான். இத்தனை சிறியதாக, இத்தனை சரியாக ஒன்றைக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு கோயில் சுவருக்கு வெளியே நின்றேன். மைத்துனன் வந்தான். காலையில்தான் அவனுடைய மீன்பிடிப் படகு கரைக்கு வந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

"ஏன் மச்சான், நெழல்ல நிக்கக் கூடாதுன்னு தீர்ப்புல போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் கருவாடு மாதிரி காயிறீக? இங்கன வாங்க. அக்கா சொல்லித்தான் வந்தேன், நானா வரல."

மகள் செபங்களும் கேள்வி பதில்களும் உள்ள மந்திரப் புத்தகத்தோடு ஓடி வந்தாள். "அய்யா, நீங்க கேளுங்க, நான் சொல்றேன்." கேட்டேன். "கேள்வியே தப்பாக் கேக்குறீக" என்று புத்தகத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். பதில்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த வருடமே அவளுக்குப் புதுநன்மை உண்டு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு மணி ஆனது. கூட்டிப்போக யாரும் வரவில்லை. நானே அவளைக் கைபிடித்து வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

"மணி ஒண்ணாயிருச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள் மனைவி. பிறகு மகளிடம், "மீன் கொழம்பு இருக்கு. அய்யாவைச் சாப்பிட்டுப் போகச் சொல்லு."

உட்கார்ந்தேன். முதுகுளத்தூர்க்காரனுக்கு மீனில் முள் எடுக்க வராது என்று சொல்லி, மகள் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.