சொந்தமா, அசலா?

எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். ஐந்து குட்டிகளில் மூன்று திரும்பிப் பார்த்தன, இரண்டு பாலை நக்கிக்கொண்டே இருந்தன. நாய்க்குட்டி விற்கிற தொழிலில் காது டாக்டர் இந்தத் தட்டுதான்.

ஒரே பத்திரிகை

எங்களுடையது ராஜபாளையம். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. திருக்காட்டுப்பள்ளியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நிறம் கெடக் கூடாதென்று மூன்று தலைமுறையாக சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துவந்தேன். நாய் வளர்க்கும் உங்களுக்கு இந்த ஆசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கால்நடை டாக்டர் செவிட்டுக் குட்டிகளைப் பார்த்தார். என் நோட்டில் இருந்த வம்சாவளியையும் பார்த்தார். “இதுங்க அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னு ரெண்டு பத்திரிகையே தேவைப்பட்டிருக்காதே?”

தாய்மாமன்

தவறு என்னுடையது மட்டுமல்ல. இந்தக் குட்டிகளின் தாய் முத்து முதல் தடவை பருவத்துக்கு வந்தபோது என்னிடம் இரண்டு ஆண் நாய்கள் இருந்தன. ஒன்று அவள் அம்மாவோடு பிறந்தது, மற்றது அப்பாவோடு பிறந்தது. இரண்டாவதுதான் வாட்டசாட்டம். அதையே விடலாம் என்றிருந்தேன். பால் ஊற்ற வந்த கோவிந்தராசு கேனை இறக்கி வைத்துவிட்டு வழிமறித்தார்.

“தாய்மாமன்னா முறைதாங்க்கா, தடையில்ல. சித்தப்பனுக்குக் கட்டிவெச்சா நாய்க்கு வேணா தெரியாது, நமக்குத் தெரியுமில்ல?”

சிலிண்டர்

தட்டு தட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு வருவதற்குள் முந்தைய ஈற்றில் ஒரு குட்டி நன்னிலம் போய்விட்டது. வாங்கியவர் செல்வி டீச்சர். கணவர் குவைத்தில். வீட்டில் டீச்சரும் இரண்டு பெண் குழந்தைகளும்தான். கொல்லையில் இருந்த தண்ணீர் மோட்டாரை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போன பிறகு, காவலுக்கென்று வந்து வாங்கினார்.

எட்டு மாதம் கழித்து போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் கண்ணசந்துட்டேங்க்கா. சிலிண்டர்காரர் வாசல்ல படுத்திருந்த நாயைத் தாண்டி உள்ள வந்து, சிலிண்டரை அடுப்படியில வெச்சிட்டு, என்னை எழுப்பிக் கையெழுத்து வாங்கிட்டுப் போறாரு.”

காது கேட்கிற குட்டி ஒன்று தருகிறேன், அந்த நாயை என்னிடமே விட்டுவிடுங்கள் என்றேன். தட்டுக்குத் திரும்பிய மூன்றும் அதற்குள் விலைபோயிருந்தன; கேட்கிற குட்டிக்கு எங்கே போவது என்று அப்போது எனக்கே தெரியாது.

தட்டு நெளிந்தது

டாக்டர் வெளி ரத்தம் வேண்டும் என்றார். கோவிந்தராசு அதையே வேறு மாதிரி சொன்னார்: ஒரே விதைநெல்லையே திரும்பத் திரும்ப விதைத்தால் பதர்தான் மிஞ்சும். தாய்மாமன் யோசனை யாருடையது என்று நான் நினைவூட்டவில்லை.

வேதாரண்யத்தில் உப்பளக் காவலுக்கு ஒரு ஆண் நாய் இருந்தது. அதுவும் ராஜபாளையம்தான், ஆனால் எங்கள் வம்சத்தோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. காதில் தேன் நிறத்தில் ஒரு திட்டு. குட்டிகளுக்கும் அது வரும், பால் வெள்ளை என்ற பெயர் அன்றோடு போகும். இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் வேன் பிடித்து முத்துவை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆறு குட்டிகள். ஆறுக்கும் காதில் திட்டு. ஐந்தாவது வாரம் தட்டினேன். ஆறும் திரும்பின. நம்பாமல் மறுபடி தட்டினேன். மறுபடியும்.

“போதுங்க்கா, தட்டு நெளிஞ்சு போச்சு,” என்றார் கோவிந்தராசு.

அசல்

குவைத்திலிருந்து டீச்சரின் கணவர் கூப்பிட்டார். “குட்டி அசல்தானே மேடம்?”

“சுத்த அசலுங்க. ஒரு சொட்டு சொந்தம் கிடையாது,” என்றேன் பெருமையாக.

லீவில் வந்ததும் மனைவியோடு காரில் வந்து இறங்கினார். செவிட்டு நாயையும் கூட்டி வந்திருந்தார்கள். அது இறங்கிப் போய் வேப்பமர நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. அவர் குட்டியைத் தூக்கிக் காதைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “அசல்னீங்களே மேடம்? இது கலப்பு மாதிரில்ல இருக்கு.”

அவர் கேட்டது ஒரிஜினலா என்று. நான் சொன்னது, சொந்தத்தில் கொடுக்காமல் அசலில், அதாவது வெளியில், கொடுத்தேன் என்று. கல்யாணப் பேச்சு பேசியே எனக்குப் பழகிவிட்டது. சொந்தத்தில் கொடுத்தால் காது போகும் என்று விளக்கினேன். டீச்சர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“இவரு எனக்கு மாமா மகன்தாங்க்கா. காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. சொன்னாத்தான் கேக்கறதில்ல.”

நாய்க்கு வம்சாவளி எழுதுவது சுலபம், வாங்க வருகிறவர் சொல்லும் சொல்லுக்கு வம்சாவளி கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். டீச்சர் கார்க் கதவு வரை போனார். பிறகு வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்து, குதிகாலால் தரையை இரண்டு முறை மிதித்தார். தரையின் அதிர்வில் நாய் எழுந்து, உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, அவருக்கு முன்னால் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டது.