றைபிளின் முதல் திருகாணி

"வாசிச்சா எல்லாம் செய்யலாமெண்டு நினைக்காதை, பிள்ளை. துவக்குப் பூட்டுறது சோதினை எழுதுற மாதிரியில்லை."

என் றைபிளுக்கென்று தபாலில் வந்த பெட்டியை நான் உடைத்தபோது அப்பா சொன்னது இது.

எங்கள் வீட்டில் வாசிப்பவள் நான்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா அதற்கும் முன்பே. மிச்சப் படிப்பைச் சண்டையும் இடப்பெயர்வும் கொண்டுபோய்விட்டன. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நாட்டை விட்டு வந்து குடியேறிய மில்லிக்கனில் இந்த வீட்டை வாங்கிய பத்திரத்திலிருந்து அம்மாவின் மருந்துப் போத்தல் வரை எல்லாவற்றையும் நானே வாசித்துச் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர்களின் மகள், இங்கே வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, இலக்குச் சுடப் பழகுவது அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் அதை முழுதாக விளக்கத் தெரியாது. பாயில் குப்புறப் படுத்து மூச்சை அடக்கும்போது தலைக்குள் ஓடும் எல்லாம் நின்றுவிடுகின்றன. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கிளப்பில் அப்போது நான் தற்காலிக உறுப்பினர். வருகிற சனிக்கிழமை றைபிளைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐம்பது மீற்றரில் சுட்டுத் தேறினால் முழு உறுப்பினர். இல்லையென்றால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். என் கைகள் குட்டை. பழைய முன்னுறையில், அதாவது குழலைச் சுற்றி இடது கை பிடிக்கும் பகுதியில், கைத்தாங்கியை எனக்கேற்ற இடத்தில் பூட்ட வழியில்லை. அதனால்தான் அடிப்பக்கம் முழுவதும் நீளக் காடிபோல் றெயில் ஓடும் இந்த அலுமினிய முன்னுறையை வாங்கினேன். றெயில் இருந்தால் தாங்கியை விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம்.

ஞாயிறு பிற்பகல் நிலவறை மேசையில் துவாயை விரித்தேன். றைபிளில் ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, ரவையை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி வேறாக வைத்தேன். பழைய உறை சுலபமாக வந்தது. புதியதைப் பொருத்தி, நான்கு திருகாணிகளையும் விரலால் முறுக்கினேன். குழலில் உறை எங்கும் முட்டக் கூடாது. கலண்டர் தாளொன்றைக் கிழித்து இடையில் விட்டு இழுத்தேன். தடையில்லாமல் போய்வந்தது. இனி இறுக்குவதுதான் பாக்கி.

படியின் மேலிருந்து அம்மா கூப்பிட்டா. கீழே இறங்க மாட்டா.

"எடியே, நாலரைக்கு ராகுகாலம். உந்தச் சனியனை அதுக்கு முன்னம் பூட்டி முடி."

"ராகு துவக்குக்கும் வருமோ அம்மா?"

"உனக்கு வரும்."

ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மணியைப் பார்த்தேன். நாலு இருபது. என் காரியத்தில் அம்மா முதல்முறையாக ஒரு நல்ல நேரம் பார்க்கிறா என்ற சந்தோஷமும் இருந்திருக்கலாம். முன்னுறையோடு வந்த செய்முறைத் தாளில், இறுக்க வேண்டிய அளவு முப்பத்தைந்து என்றிருந்தது. டயர்க் கடையில் வேலை செய்யும் அப்பாவின் ரோர்க் றெஞ்ச் சுவரில் தொங்கியது. குறித்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் சாவி அது. முப்பத்தைந்தில் வைத்து, முதல் திருகாணியை இறுக்கினேன்.

டிக் வரவில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று கை இலேசானது. கழற்றிப் பார்த்தேன். திருகாணியோடு றைபிளின் உடம்பிலிருந்த புரியும் சுருள் சுருளாக உரிந்து வந்திருந்தது.

அதன் பிறகுதான் செய்முறைத் தாளை ஒழுங்காக வாசித்தேன். முப்பத்தைந்து அங்குல இறாத்தல். அப்பாவின் சாவி அடி இறாத்தல். பன்னிரண்டு மடங்கு.

அப்பா இறங்கி வந்து, சாவியையும் என் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, லொறிச் சில்லே பூட்டினனீ?"

"சிரிக்காதேங்கோ அப்பா."

சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் அம்மா பாதிப் படிவரை இறங்கிவிட்டா.

"அப்ப சனிக்கிழமை?" என்று கேட்டா.

"தெரியேல்லை."

"மிச்சம் மூண்டு கிடக்குத்தானே. பசையைப் போட்டு ஒட்டிவிடு. ஆர் பாக்கப் போகினம்?"

துவக்கே வேண்டாம் என்று மாதக்கணக்காக முகம் கொடுக்காதவ, நான் தோற்கக் கூடாது என்று எனக்காகக் களவு சொல்லித் தந்தா. அப்பா சாவியைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்.

மேசையருகே வெகுநேரம் இருந்தேன். அம்மா சொன்னது நடக்கக் கூடியதுதான். பசை வைத்த திருகாணி வெளிப்பார்வைக்கு மற்றவை போலவே இருக்கும். ஆனால் சுடுமிடத்தில் எனக்கு இருபுறமும் ஆட்கள் படுத்திருப்பார்கள். என் றைபிள் பத்திரமானது என்ற நம்பிக்கையில் படுத்திருப்பார்கள். இன்னொன்றும் உறுத்தியது. எனக்கு வாசிக்கத் தெரியாமல் இது நடக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் என்ற நினைப்பில், இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசியாமல் விட்டேன். ராகுகாலத்தின் மேல் பழியைப் போட அம்மா ஆயத்தமாக இருந்தா. எனக்கு அது வசதியான பழிதான். ஆனாலும் வேண்டாம் என்றிருந்தது.

திங்கட்கிழமை கிளப்புக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். சனிக்கிழமை வரமாட்டேன் என்றும் எழுதினேன். அடுத்த பருவத்தில் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வீட்டில் வாசித்துச் சொன்னேன்.

இன்று காலை றைபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்து, துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உரிந்த துளைக்குப் புதுப் புரி வைக்க இரண்டு கிழமை ஆகுமாம். அவர் நீட்டிய படிவத்தில், பழுது எப்படி ஏற்பட்டது என்று கேட்ட இடத்தில், 'நானே அளவைப் பிழையாக வைத்து இறுக்கினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.