தம்பி பெயரில் பதிவான மாம்பழம்

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நான் போட்ட மாங்கொட்டை ஒன்று மரமாகி, அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத பழம் கொடுத்தது. மூன்று பருவம் அதன் இலை, பூ, பழம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நான் சொல்ல, படித்த என் தம்பி எழுதிக்கொண்டான். விவசாய ஆபீசில் புது ரகமாகப் பதிந்தால் உன் பெயர் நிலைக்கும் என்று சொன்னவனும் அவன்தான்.

கிருஷ்ணகிரியில் நடந்த பழக் கண்காட்சிக்கு ஆசையோடு போனேன். என் பழத்தட்டின் முன்னால் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தம்பியின் பெயர் இருந்தது.

"என்னடா இது?" என்றேன்.

"பொம்பள பேருல குடுத்தா ஆபீசுல எடுத்துக்க மாட்டாங்கக்கா. எல்லாம் நம்ம குடும்பந்தானே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது அதிகாரி வந்து, "பழுத்தா எத்தனை நாள் தாங்கும்? நார் இருக்குமா?" என்று அவனைக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் பேசாமல் நின்றிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

"எட்டு நாள் தாங்குங்க. நாரே இருக்காதுங்க" என்றேன்.

அதையும் அதிகாரி அவன் பெயருக்குக் கீழேதான் எழுதிக்கொண்டார்.

தம்பி செய்த துரோகத்தைக்கூட ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். அன்று நானே வாயைத் திறந்து அவனைக் காப்பாற்றியதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.