சந்தனம் பூசிய சூரியத் தகடு

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜை நாள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமுமாக இருந்த ஓர் ஊரின் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். அந்த நாளை நினைத்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கிவிடும்.

எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தோ குளிர் குறைந்தால் வீணாகிவிடும். அதனால் வெளிநாடுகள் சில சேர்ந்து நடத்திய ஒரு திட்டத்தில், சூரிய வெளிச்சத்தில் ஓடும் ஃபிரிட்ஜ் ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வெயிலைக் கரண்டாக்கும் தகடுகள் ஒரு நாட்டில் செய்தவை, ஃபிரிட்ஜ் வேறொரு நாட்டில் செய்தது. பொருத்த வந்த இன்ஜினியர் கென்யாக்காரர். அவர்கள் ஊரிலும் இதே கரண்ட் கதைதானாம். நல்ல உயரம், மெல்லிய குரல். எங்கள் ராகிக் களியைப் பார்த்ததும், "இது எங்கள் ஊர் சாப்பாடு ஆயிற்றே!" என்று உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார். அன்றோடு ஊரே அவரைத் தத்தெடுத்துக்கொண்டது.

நிலையத்துக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் தகடுகளை நிறுத்தியாயிற்று. மருந்தும் வந்து சேர்ந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் முதல் தடுப்பூசி முகாம். அந்த வாரம் முழுக்க மேகமூட்டம் என்பதால் பேட்டரியில் சக்தி குறைவாகவே இருந்தது. பூஜைக்கு முதல் நாள் மாலை நாமக்கல்லில் இருந்த அக்கா வீட்டுக்குப் போன நான், மறுநாள் காலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். நாமக்கல்லில் தங்கியிருந்த இன்ஜினியரும் ஃபிரிட்ஜைப் பார்க்க அதே பஸ்ஸில் வந்தார்.

பின்பக்கம் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். தகடுகள் மேலெல்லாம் கெட்டியாகச் சந்தனம். அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் குங்குமப் பொட்டுகள். குறுக்கே சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்கள், நிழல் முழுக்கத் தகட்டின் மேல். வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் வெயில் வந்திருந்தது. உள்ளே ஓடிப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் முள் எட்டு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் மருந்தை நம்ப முடியாது. அடுத்த மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நிலையத்துக்குப் பக்கத்து வீட்டு லாரிக்காரர் விபூதி நெற்றியோடு சிரித்தபடி வந்தார். "ஏனுங்க நர்ஸம்மா, அலங்காரம் நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க? ஊர்க் குழந்தைங்க உயிரோட விளையாடறீங்களா?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மனுஷர் முகம் சுருங்கிப்போயிற்று.

இன்ஜினியர் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ஏன் செய்தார் என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"என்ற பெரிய புள்ளையப் போன வருசம் தட்டம்மைக்குக் குடுத்துட்டனுங்க. இந்தப் பொட்டி வந்த அன்னைக்குத்தான் என்ற ஊட்டுக்காரி நிம்மதியாத் தூங்குனா. சின்னதுக்காச்சும் ஊசி போட்டுறலாம்னு. லாரிக்குப் பூசை போடறவன் இதுக்குப் போடாம உடுவனுங்களா?"

என் அரைகுறை இங்கிலீஷில் நான் அதைச் சொல்லி முடித்தபோது இன்ஜினியரின் கண்களும் ஈரமாகிவிட்டன. தங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முதல் தகடு வந்தபோது பெண்கள் அதன்மேல் பால் தெளித்து வாழ்த்தினார்களாம். பால் காய்ந்து தகடெல்லாம் வெள்ளைத் திட்டாகி, இவர் பாதி நாள் உட்கார்ந்து துடைத்தாராம்.

வெளிச்சம் மறைந்தால் குளிரும் போய்விடும் என்று நான் விளக்கியதும் லாரிக்காரர் தகட்டருகே ஓடினார். ஆனாலும் மாலையை எடுக்க அவர் கை வரவில்லை. "பூசைக்கு வெச்சத விஜயதசமிக்கு மறுபூசை போடாம எடுத்தா ஆவாதுங்க. கொழந்த இருக்கற ஊடுங்க" என்றார். எந்தக் குழந்தைக்காகப் பூஜை போட்டாரோ, அதே குழந்தையை நினைத்துத்தான் இப்போது பயம். நானே எடுத்து எறிந்திருக்கலாம். பிறகு அந்தக் குழந்தைக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலும் அவர் மனசு ஆறாதே.

"பூஜையன்னைக்கு யாருக்காவது பிரசவ வலின்னா லாரியை எடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்காம இருப்பனுங்களா? சூடத்தக் காட்டி, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்துருவனுங்க..." என்றவர் பாதியில் நிறுத்தி என்னையே பார்த்தார். அடுத்த நிமிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

இதற்கு டயர் ஏது? சட்டத்தின் இரும்புக் காலடியில் பழத்தை வைத்துச் சூடம் காட்டினார். "நீங்களே மிதிங்க சாமி" என்று இன்ஜினியரைக் கூப்பிட்டார். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பயபக்தியோடு நசுக்கினார். நான் சிரிப்பை அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் லாரிக்காரர் தன் கையாலேயே மாலையைக் கழற்ற, இருவருமாக வாழை மரங்களை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்தார்கள். லாரிக்காரரின் பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்து நனைத்து, ஆளுக்குப் பாதியாகத் துடைத்தார்கள். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும் என்று, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் துடைத்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. அதற்காகப் பேச்சு ஒன்றும் குறையவில்லை!

நான் ஃபிரிட்ஜின் முன்னால் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் அது அசையவில்லை. மேகம் வரும்போதெல்லாம் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சாயங்காலம் முள் ஐந்துக்கு இறங்கியதும் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். லாரிக்காரர் முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பிச்சுதுங்களா?" என்றார். "தப்பிச்சுதுங்க" என்றேன். அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதுவிட்டார். இன்ஜினியரும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

முகாமில் முதல் ஊசி லாரிக்காரரின் சின்ன மகளுக்குத்தான். அவள் போட்ட கத்தல் வேலூர் வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எத்தனை நாடுகள் சேர்ந்து எவ்வளவு பெரிய உதவியைக் கொண்டுவந்து இறக்கினாலும், அது ஓர் ஊரில் வேர்பிடிக்க ஒருவர் பொறுமையாக 'ஏன்?' என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நர்ஸாக இருந்த காலம் முழுவதும், யாரையாவது திட்ட வாய் திறக்கும்போதெல்லாம் அந்த மெல்லிய குரல் என் தோளுக்குப் பின்னால் கேட்கும், இன்றும் கேட்கிறது.