நானா முதலில் தின்ற காளான்

தேக்கிலையில் சுற்றி வாழைநாரால் கட்டிய பொட்டலம் அது. இப்போது முன்பள்ளிக்கு ஓடும் என் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தபோது, நான் அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் அடுத்த வீட்டுக்காரி அதை மதிலுக்கு மேலால் நீட்டினார். மழைக்குப் பிறகு குறிஞ்சாக்கேணியில் அவர்களுடைய வளவுத் தோட்டத்துக் கறையான் புற்றில் முளைத்த காளான். "ஆக்கித் தின்னுங்க புள்ள. ரத்தமும் ஊறும், பாலும் ஊறும்" என்றார்.

எனக்கு இரண்டும் தேவையாக இருந்தன. இரத்தம் குறைவென்று மருத்துவமாது இரும்புச்சத்துக் குளிசை தந்திருந்தார். பால் போதவில்லையோ என்று, மகள் அழும்போதெல்லாம் நானும் அழுதேன். ஆனாலும் காளானைக் கண்டதும் பயம் பிடித்துக்கொண்டது. நல்லதையும் நஞ்சையும் பிரித்தறிய எனக்குத் தெரியாது. எனக்கு ஏதும் ஆனால் போகட்டும், பாலில் கலந்து பிள்ளைக்குப் போனால்? கைத்தொலைபேசியில் தேடத் தேடப் பயம் கூடியது. கடைசியில் அதை வாழையடியில் புதைத்துவிட்டு, "நல்ல ருசி ராத்தா" என்று சொன்னேன்.

பலன், மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய பொட்டலம் வந்தது. இன்னொரு பொய்க்கு எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொன்னேன். ராத்தா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாவம் எங்கட மனுசன். உங்களுக்காக உசிரக் குடுத்துப் பார்த்தாரே."

அவர்கள் வீட்டில் காளானைப் பிடுங்கியவர்தான் முதலில் தின்பாராம். மறுநாள் காலையில் அவர் நலமாக எழும்பினால்தான் மற்றவர்களுக்குச் சமைப்பார்களாம். பிடுங்குபவர் எப்போதும் ராத்தாவின் கணவர். நான் அண்ணன் முறையில் நானா என்று அழைப்பவர். எனக்கு வந்த காளானிலும் கொஞ்சத்தை அவர் முந்தின நாளே தின்றிருந்தார்.

"இண்டைக்கு உங்கட கண்ணுக்கு முன்னால தின்னட்டும்" என்று பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, பாதியை ஆக்கி, மீதியை எனக்கு வைத்தார் ராத்தா. நானா மதிலோரம் கதிரை போட்டு, ஒரு கோப்பை சோற்றோடு ரசித்துச் சாப்பிட்டார்.

அதற்கிடையில் மருத்துவமாதுவிடமும் கேட்டேன். "தெரிஞ்ச ஆக்கள் பிடுங்கினதெண்டா நல்லா வேகவைச்சுச் சாப்பிடுங்கோ. சத்தான சாப்பாடுதான், மருந்தில்லை. பால் ஊறப் பிள்ளையை அடிக்கடி மார்பில போடுங்கோ. குளிசையை நிப்பாட்ட ஏலாது."

விடிந்ததும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலடிக்குப் போனேன். எட்டிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்க்காமல் திரும்பவும் முடியவில்லை. அப்போது மதிலுக்கு அப்பால் நானாவின் சைக்கிள் மணி இரண்டு தரம் அடித்தது.

"தங்கச்சி, இருக்கன்" என்றார் நானா. "அடுப்ப மூட்டுங்க."