கூவாமல் விழுந்த மாங்காய்

என் பழைய நோட்டில் "1942, வைகாசி" என்று மட்டும் இருக்கிறது, நாள் குறிக்கவில்லை. நேற்று கூடையில் வந்த மாங்காயின் பால் வாசனை என்னை அந்த வைகாசிக்கு இழுத்துப் போனது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், இன்று வீடுகளாகிவிட்ட எங்கள் தோப்பில், மரமேறும் முனியன் மாமா "வருது" என்று கூவிக் காயைப் போடுவார். கீழே நிற்பவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்த சாக்கில் ஏந்த வேண்டும். அடிபட்ட காய் பழுக்காமல் அழுகிவிடும். அம்மையில் ஒரு கண் போன எனக்கு அப்போது பத்து வயது. ஏந்தும் இடத்தைத் தரமாட்டேன் என்றார் மாமா.

"ஒத்தக் கண்ணுக்கு தூரம் தெரியாது புள்ள. மண்ட ஒடைஞ்சுடும்."

"நீங்க கூவாமயே போடுங்க மாமா. நான் கண்ணால புடிக்கறேன், காதால இல்ல."

போட்டார். இலைகளுக்கிடையே புள்ளியாய்த் தெரிந்த காய் பெருத்துக்கொண்டே வந்தது. அது பெரிதாகும் வேகமே சாக்கை எப்போது தாழ்த்த வேண்டும் என்று சொன்னது. சாக்கு கனத்தது. அடுத்த காயும் அப்படியே. மாலைவரை நான் அங்கிருந்து நகரவில்லை. தூரம் அறிய இரண்டு கண் வேண்டும் என்று சொல்லும் புத்தகங்களோடு இன்றும் சண்டை போடுகிறேன்.

எனக்காகத் தாழ்ந்த கிளையிலிருந்து போட்டதாக மாமா பின்னாளில் சொன்னாராம். மரமும் இல்லை, மாமாவும் இல்லை; கிளையின் உயரத்தை என்னால் சரிபார்க்க முடியவில்லை. ஒரு காயும் மண்ணைத் தொடவில்லை என்பதற்கு நானே சாட்சி.